நிலாவெளி மீன்குளத்தில் சன் கிறீம்

கேள்வி: நிலாவெளியில் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், 1.2 மீற்றர் ஆழத்தில் நன்னீர்க் குளம் வெட்டித் திலாப்பியா வளர்க்கிறேன். அதே தண்ணீரைத்தான் கத்தரிக்கும் கீரைக்கும் இறைக்கிறேன். வளவில் இரண்டு அறைகளை வெளிநாட்டவருக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். அவர்கள் குளத்திலும் இறங்கிக் குளிக்கிறார்கள். வெளி ஷவர் தண்ணீரும் குளத்துக்குத்தான் போகிறது. ஆடி பிறந்ததிலிருந்து தண்ணீரில் வானவில் மாதிரிப் படலம். விடியப்புறம் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. சன் கிறீம்தான் காரணமா? ‘பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது’ என்று போட்ட கிறீமை மட்டும் பூசச் சொன்னால் போதுமா? மீனைச் சாப்பிடலாமா?

பதில்: முதலில் மீன். விடியற்காலையில் வாய் பிளப்பது ஒட்சிசன் குறைவு. கிறீம் நஞ்சு என்றால் அது நேரம் பார்த்து வராது. பகலில் பாசி ஒட்சிசன் விடுகிறது, இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேறும் சேர்ந்து அதைத் தின்று தீர்க்கின்றன. ஷவரில் வரும் சவர்க்காரமும் ஷம்பூவும் உடல் எண்ணெயும் மிச்சத் தீவனத்தோடு சேர்ந்து அழுகும்போது ஒட்சிசனை இன்னும் இழுக்கும். சவர்க்காரம் செவுளையும் அரிக்கும். இரண்டு நாள் தீவனத்தை நிறுத்துங்கள். அடித்தண்ணீரில் 12 சென்ரிமீற்றர் அளவு (பத்தில் ஒரு பங்கு) இறைத்துத் தென்னைக்கு விட்டு, கிணற்றுத் தண்ணீரால் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீரிலும் ஒட்சிசன் குறைவு. குழாயைக் குளத்துக்குள் அமுக்காமல் உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். அதிகாலை 3 மணி தொடக்கம் விடியும்வரை குளத்துத் தண்ணீரையே பம்பால் மேலே வீசிக்கொண்டிருந்தாலும் உதவும்.

படலத்தை ஒரு தடியால் குத்திப் பாருங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து விலகி நின்றால் அது இரும்புப் பற்றீரியா, கிறீமுக்குச் சம்பந்தமில்லை. உடனே திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய். கச்சான் அடிக்கும் நாட்களில் எண்ணெய் கிழக்குக் கரையில் ஒதுங்கும். அங்கே காய்ந்த வைக்கோலை வலையில் கட்டி மிதக்க விட்டு, ஊறியதும் எடுத்துவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள். குளோரின் மீனைக் கொல்லும். கிறீமில் வெயிலைத் தடுக்கப் போடும் ஒக்சிபென்சோன், அவோபென்சோன் போன்ற இரசாயனங்களோடு சேர்ந்து புதிய குளோரின் சேர்மங்களையும் உண்டாக்கும்.

இனிக் கிறீம். மேனி முழுக்கப் பூச ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். அதில் 6 வீதம் ஒக்சிபென்சோன் என்றால் 1.8 கிராம். கால்வாசி கழுவுப்பட்டால் 0.45 கிராம். உங்கள் குளத்தில் 240,000 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. ஆக ஒருவர் இறங்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 2 மைக்கிரோகிராம். ஆறு பேர் என்றால் நாளுக்கு 11. ஒன்றும் சிதையாமல் நின்றால் பத்து நாளில் 100ஐத் தாண்டும். இது மோசமான பக்கத்துக் கணக்கு; கடலில் குளித்துவிட்டு வருபவர் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருவார். ஆனாலும் ஒப்பிட்டுப் பாருங்கள்: கோடையில் ஆட்கள் குளிக்கும் சுவிற்சர்லாந்து ஏரிகளில் அளந்தபோது கிடைத்த ஆகக்கூடிய அளவே லீற்றருக்கு 0.125 மைக்கிரோகிராம்தான். ஆய்வுகூடத்தில் மெடாக்கா என்ற சின்ன ஜப்பானிய மீனுக்கு லீற்றருக்கு 600 மைக்கிரோகிராமுக்கு மேல் கொடுத்தபோது ஆண் மீனிலும் முட்டைக்கருப் புரதம் தோன்றியது, முட்டை பொரிப்பதும் குறைந்தது. பெரிய குளத்தில் யோசிக்கத் தேவையில்லாத பொருள், உங்கள் குளத்தில் யோசிக்க வேண்டியதாகிறது. நம் பக்கத்தில் உல்லாசப் பயணிகள் வருவதே மே முதல் செப்ரெம்பர் வரை, தண்ணீர் வற்றுகிற அதே மாதங்களில். ஆவணியில் ஆழம் 60 சென்ரிமீற்றராக இறங்கினால் மேலே சொன்ன எண்கள் எல்லாம் இரட்டிப்பாகும்.

கிறீமில் வெயிலைத் தடுக்கும் பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரியல்ல. ஒக்டினொக்சேட் வெயிலில் சீக்கிரம் உருமாறும். ஒக்சிபென்சோன் எளிதில் அசையாது. ஒக்டோகிரிலீன் போன்றவை தண்ணீரில் நிற்க விரும்பாமல் சேற்றிலும் கொழுப்பிலும் போய் ஒட்டும். ஆபத்து முட்டைக்கும் குஞ்சுக்கும்தான் முதலில். குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். வளர்ந்த மீனைச் சாப்பிடலாம். குடலையும் வயிற்றுக் கொழுப்பையும் முழுதாக நீக்குங்கள். செத்து மிதந்ததைச் சமைக்க வேண்டாம்.

‘பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது’ என்பதற்குச் சட்ட வரைவிலக்கணமே கிடையாது. ஹவாய் 2018இல் இயற்றி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் இரண்டின் விற்பனையைத்தான் தடுத்தது, அதுவும் பவளத்தை நினைத்து. பவளப்பாறை பார்க்கப் புறாமலைத் தீவுக்குப் படகேறுபவருக்கு அந்தக் கிறீம் சரி. உங்கள் குளத்துக்கு அதில் வேறு சிக்கல் இருக்கிறது. அத்தகைய கிறீம் பலவற்றில் 20 வீதம்வரை சிங்க் ஒக்சைட் உண்டு. அதே 30 கிராம், அதே கால்வாசிக் கணக்கில் ஒருவரிடமிருந்து லீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் சிங்க் சேரும். கரைந்தால் மீனுக்கும் மீன் தின்னும் நீர்ப்பூச்சிகளுக்கும் அது நஞ்சு, மென்னீரில் கூடுதலாக. கேத்தலில் வெள்ளைப் படை பிடிக்கிற தண்ணீரானால் கடினநீர், ஓரளவு தாங்கும். அதனால் கிறீமின் பெயரை மாற்றுவதைவிடத் தண்ணீர் போகிற வழியை மாற்றுங்கள். குளத்தில் குளிப்பதை நிறுத்துங்கள். கைநீண்ட நீச்சல் சட்டை போடச் சொன்னாலே கிறீம் பாதியாகும்.

ஷவருக்கு ஒரு சீமெந்துத் தளம் போட்டு, தண்ணீரை முதலில் 200 லீற்றர் பீப்பாவுக்குள் விடுங்கள். வெளிக்குழாயை ‘ரி’ வடிவில் வைத்து, உள்ளே 30 சென்ரிமீற்றர் கீழிறக்கினால் மேலே மிதக்கும் எண்ணெய் பீப்பாவிலேயே நிற்கும். வாரம் ஒருமுறை வழித்தெடுங்கள். அடுத்து 6 மீற்றர் நீளம், 60 சென்ரிமீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு வாய்க்கால். நிலாவெளி மணல் தண்ணீரை அப்படியே கிணற்றுக்கு இறக்கிவிடும், ஆகவே அடியிலும் பக்கத்திலும் தடித்த பொலித்தீன் விரியுங்கள். அதன்மேல் 20 சென்ரிமீற்றர் முக்கால் அங்குலச் சல்லி, 15 சென்ரிமீற்றர் உடைத்த கரி, மிச்சம் பருமணல். கடைசி முனையில் வழிவது வாழைக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம். கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கரியைச் சீசன் முடிய மாற்றுங்கள். எடுத்த கரியை அடுப்பில் போடக்கூடாது.

கத்தரிக்கு இப்போதைய தண்ணீரை அடியில் விடலாம். கீரைக்கு மேலிருந்து தெளிக்காதீர்கள். புரட்டாதியில் மீனைப் பிடித்துக் குளத்தை வற்றவைக்கும்போது மேல்சேற்றை 10 சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி எடுத்து, இந்த வருடம் மட்டும் தென்னையடியில் போடுங்கள். தீவனத்தை நிறுத்தியும் ஒரு கிழமைக்குப் பிறகு மீன் வாய் பிளந்தால், நக்டா (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) உத்தியோகத்தரை விடியற்காலையிலேயே வரச்சொல்லி ஒட்சிசனை அளக்கச் சொல்லுங்கள். பகல் பத்து மணிக்கு அளந்தால் எல்லாம் சரியென்றுதான் காட்டும்.