தடுப்பூசிக்குப் பின் தோள்வலி: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் தோள்பட்டையில் தொடங்கிய வலி எட்டு மாதங்களாகியும் தீரவில்லை, கையை உயர்த்தித் தலை வாரக்கூட முடியவில்லை. சட்டப்படி இழப்பீடு கோரலாமா?

பதில்: கோரலாம். ஆனால் ஊசிக்குப் பின் வலி வந்தது என்பதும், ஊசியால் வலி வந்தது என்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. அந்த இடைவெளியை ஆவணங்கள்தாம் நிரப்ப வேண்டும். ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், எந்தக் கையில் போடப்பட்டது, வலிக்காக முதன்முதலில் நீங்கள் சென்றபோது மருத்துவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இப்போதே கேட்டு வாங்குங்கள். (பலரும் வழக்கறிஞரைத் தேடி அலைந்த பிறகே இதைச் செய்கிறார்கள்.)

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், தடுப்பூசிப் பாதிப்புகளுக்கு இழப்பீடு வழங்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எவருடைய தவறையும் நிரூபிக்கத் தேவையின்றி மனுச் செய்யலாம். எனினும் அரசின் பட்டியலிலுள்ள தடுப்பூசிகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதோடு, முதல் அறிகுறி தோன்றிய 3 ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். தோளில் பழைய கோளாறு ஏதுமின்றி, 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய வலி 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால், அங்கே மனுதாரரின் வாதம் வலுப்பெறும். பிரிட்டன் அரசின் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்திலோ குறைந்தது 60 சதவீத ஊனம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதால், உங்களுடையதைப் போன்ற தோள்வலி தேறுவது கடினம்.