வாசகர் கேள்வி: கரையான் தின்ற பெயர்கள்

கேள்வி: போர்க்காலத்தில் அரக்கோணம் விமானத் தளத்தில் எழுத்தராக இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில், விமானங்களின் கறுப்பு நிழலுருவங்கள் அச்சிட்ட அட்டைகள் சில கிடைத்தன. பெயர் இருந்த அடிப்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. ஒன்றில் இறக்கை, உடலை ஒட்டிய இடத்தில் பின்னோக்கிச் சாய்ந்து, பிறகு மடங்கி நேராக நீள்கிறது. மற்றொன்றில் நடுவில் அகன்று இரு முனைகளிலும் ஒடுங்குகிறது. இரண்டுக்கும் ஒரே எஞ்சின்தான். இவை எந்த விமானங்கள்?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினரும் வான்காவலர்களும், வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று நொடியில் அறிவதற்காக அச்சிடப்பட்டவை இத்தகைய அட்டைகள். அருகில் பறக்கும் சிறிய விமானமும் தொலைவில் பறக்கும் பெரிய விமானமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், அளவை நம்பாமல் இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசையில் வடிவத்தைப் பார்க்கப் பழக்கினார்கள். தங்கள் கண் இறக்கையில் நின்றது சரியான இடம்தான்.

முதல் அட்டையில் இருப்பது அமெரிக்காவின் வல்ட்டீ வெஞ்சன்ஸ் என்னும் குத்துப்பாய்ச்சல் குண்டுவீச்சு விமானம். அந்த விசித்திர மடிப்பு அழகுக்காக வைத்ததன்று. வடிவமைத்தபோது ஈர்ப்பு மையத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டு, இறக்கையை முழுவதும் மாற்றுவதைவிட எளிது என்று அதன் நடுப்பகுதியை மட்டும் பின்னோக்கிச் சாய்த்தார்கள். பிழைதிருத்தமே அடையாளமாகிவிட்டது! சாய்கோணத்தில் பார்த்தால் இறக்கை கீழே வளைந்து மேலேறுவதுபோல் தோன்றுவதால், ஜெர்மனியின் ஸ்டூக்கா என்று மயங்க இடமுண்டு. முன்தோற்றப் படமும் இருந்தால் ஐயம் தீரும். ஸ்டூக்காவின் இறக்கை உண்மையாகவே அப்படி வளைந்தது. அதன் சக்கரங்களும் எப்போதும் வெளியே நிற்கும், வெஞ்சன்ஸோ அவற்றை உள்ளே மடக்கிக்கொள்ளும். இந்திய விமானப் படையின் 7, 8 ஆம் அணிகள் பர்மா முனையில் இதை ஓட்டின.

மற்றது வெஸ்ட்லாண்ட் லைசாண்டர். காம்போடு காம்பு சேர்த்து வைத்த இரண்டு மாவிலைகள் போன்ற இறக்கை வேறெதற்கும் எளிதில் பொருந்தாது. பக்கத் தோற்றத்தில், உடலின் உச்சியில் இறக்கையும், கூடு மூடிய மடங்காத சக்கரங்களும் தெரியும். 1942இல் பர்மாவில் நம் 1ஆம் அணியிடம் இருந்தவை இவைதாம்.

கேள்வி: சிறுவயதில் எங்கள் ஊர் வானில் கண்ட, பின்சாய்ந்த இறக்கையும் நான்கு எஞ்சின்களும் உள்ள பெரிய விமானம் எது? அது ஜெட் அன்று, விசிறிகள் சுழன்றன.
(சோளிங்கர் வாசகி)

பதில்: பின்சாய்ந்த இறக்கையோடு விசிறியும் சேர்வது மிக அரிது என்பதால் ஐயமே இல்லை, அது ரஷ்யாவின் துப்பலேவ் 142. ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள் இருக்கும். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்த இவை 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளேயும் ஏறிப் பார்க்கலாம்.