முடியப்பனைத் தேடினால் ஸ்டீபன் கிடைப்பார்

கேள்வி: என் அப்பாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி, பெயர் முடியப்பன். எங்கள் ஊர் கருங்கல் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் ஜப்பான் சண்டையோடு கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார். உறையோடு ஒரு கடிதமும் ஒரு போட்டோவும்தான் மிச்சம். கடிதத்தில் ‘1112 தை 9’ என்று தேதி இருக்கிறது. பேமிலிசெர்ச் என்ற வம்சாவளி தேடும் தளத்தில் பெயரையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அவருடைய வாரிசுகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இணையத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். நீங்கள் தேடிய இரண்டு சொல்லுமே அவர் காலத்துக்குப் பொருந்தாதவை.

கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது 1956 நவம்பர் 1-இல். அதற்கு முன் நாம் திருவிதாங்கூர். அவரைப் பற்றி யாராவது எங்காவது எழுதியிருந்தால் திருவிதாங்கூர் என்றோ, விளவங்கோடு, கல்குளம், இரணியல் என்று அன்றைய தாலுகா பெயரிலோதான் எழுதியிருப்பார்கள். எழுத்துக்கூட்டலும் குமாஸ்தாவின் காதுக்கு ஏற்றபடி இருக்கும்.

பெயர் அதைவிடச் சிக்கல். முடியப்பன் என்றால் ஸ்டீபன். ராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால், அருளப்பன் ஜான், சூசை ஜோசப். வீட்டில் முடியப்பன், கோயில் பதிவேட்டில் லத்தீனில் ஸ்டெஃபானுஸ், தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலியாட்களின் பெயர்ப் பதிவேட்டில், இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கும். போதாக்குறைக்கு, மலேசியத் தமிழர்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயருக்கு முன் ‘அனாக் லெலாக்கி’, அதாவது ‘மகன்’ என்று போடுவார்கள். பேரன் காலத்தில் முடியப்பன் என்ற பெயர் ஆவணத்திலிருந்தே காணாமல் போயிருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டு இடத்தைப் பிடியுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கோயில் என்று தெரிந்தால் ஆள் தானாக வருவார்.

உங்கள் கையிலேயே இடம் இருக்கிறது. முதலில் தேதி. அது கொல்லம் ஆண்டு, நம் பெரியவர்கள் மலையாள ஆண்டு என்பார்கள். ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதன் பிறகு ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ஆக 1112 தை 9 என்பது 1937 ஜனவரி 22 வாக்கில் வரும். பழைய பிரமாணங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, படிக்கவும் இதே கணக்குதான்.

இனி உறையைப் பாருங்கள். அந்தக் காலத்தில் மலேயா முழுவதற்கும் ஒரே தபால்தலை கிடையாது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்குக்கும் 1930களின் நடுப்பகுதி வரை பாயும் புலி படம் போட்ட பொதுத் தலை இருந்தது. பிறகு அவை தனித்தனியாக வெளியிட்டன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் தலை. தலையைப் பார்த்தாலே மாநிலம் தெரியும். அதன் மேல் விழுந்த முத்திரையை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் தபாலாபீஸ் ஊர் தெரியும். அந்த ஊர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், பெயர் மாறியிருக்கும். போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போது போர்ட் கிள்ளான், தெலுக் அன்சன் இப்போது தெலுக் இந்தான். கடிதத்துக்குள் ஒரு தோட்டத்தின் பெயர் இருந்தால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நம்மவர்கள் தோட்டங்களுக்குச் சொந்தமாகத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலப் பதிவில் அது வேறாக இருக்கும். போட்டோவின் அட்டையில், பெரும்பாலும் கீழ் மூலையில், ஸ்டூடியோ பெயர் அழுத்தியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அடுத்தது பலருக்கும் தெரியாத வழி, என் அனுபவத்தில் மிகவும் உதவியதும் அதுதான். 1908 முதல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு விதி உண்டு. ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்தாலும், அங்குள்ள பங்குச் சாமியார் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இங்கே ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன் எல்லாம் ஒரு கையெழுத்தில் இருக்க, ஓரத்தில் மட்டும் வேறு மையில், நெருக்கிப் பிடித்து ஒரு வரி லத்தீனில் இருக்கும்: கல்யாணத் தேதி, பெண் பெயர், கோயில், ஊர். முடியப்பன் மலேயாவில் கோயிலில் தாலி கட்டியிருந்தால், அவர் இருந்த ஊர் நம் பங்கிலேயே எழுதிக் கிடக்கலாம். எல்லாச் சாமியாரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்தப் பங்கு என்பதில் கவனம் வேண்டும். இன்று உங்கள் ஊர் தனிப் பங்காக இருக்கலாம். அவர் பிறந்த காலத்தில் எதன் கிளையாக இருந்ததோ, அந்தத் தாய்ப் பங்கில்தான் பதிவேடு இருக்கும். மறைமாவட்டமும் மாறிக்கொண்டே வந்தது. குழித்துறை 2014-இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்தது, கோட்டாறு 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. பங்குத்தந்தையிடம் குடும்ப மரத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் போய்க் கேட்டால் நடக்காது.

இன்னொன்று, குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரம். வெளிநாட்டில் இருந்த தம்பியின் பங்குக்கு அவர் முக்தியார், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதி அனுப்பியிருந்தால் அதில் விலாசம் இருக்கும். பத்திரம் மலையாளத்தில் இருந்தால் பழைய ஆதாரம் எழுத்தர், அதாவது பத்திரம் எழுதுபவர், யாரையாவது பிடியுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் குடும்பங்கள் இதில் பாக்கியசாலிகள். 1860-இல் ட்ரூரோ கப்பல் டர்பன் சேர்ந்ததிலிருந்து 1911 வரை போன 1,52,184 பேருக்கும் தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் மச்சம் வரை கப்பல் பட்டியல் உண்டு. மொரிஷியஸுக்கு மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனம், பிஜிக்கு சுவா ஆவணக்காப்பகம். மலேயாவுக்குக் கங்காணி முறையில், அதாவது ஊருக்கு வந்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி வழியாக, போனவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலை எதிர்பார்க்காதீர்கள்.

ஊர் தெரிந்த பிறகு இணையத்தைத் திறக்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன, தமிழ் முரசும் உண்டு. அங்கே ஊரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். 1942-க்குப் பிறகு தடயமே இல்லையென்றால் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இறந்தார்கள். பிழைத்திருந்தால், 1948-இல் மலேயாவில் எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள், அவருக்கும் கிடைத்திருக்கும்.

கடைசியாக அந்தக் கோயிலுக்கோ தோட்டத்துக்கோ கடிதம் எழுதும்போது உங்கள் வீட்டுப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ஊர்ப் பெயரை மறந்த பேரப்பிள்ளைகள்கூட ‘புத்தன்வீடு’ மாதிரி ஒரு சொல்லைப் பாட்டி வாயில் கேட்டிருப்பார்கள். போட்டோவின் நகலை வையுங்கள். சொத்து விஷயமாக எழுதவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே இங்கே உங்கள் சித்தப்பா, பெரியப்பாமாரிடமும் அதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் போட்டோவை நகலெடுக்கக்கூடத் தர மாட்டார்கள்.