நாளுக்கொரு படம் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். இவ்வாண்டுத் தொடக்கத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஆண்டு முழுவதும் நாளுக்கு ஒரு படம் எடுப்பது என்று முடிவுசெய்தோம். ஒரே கேமரா, ஒரே லென்ஸ். அந்தந்த நாளின் படம் அந்தந்த நாளிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. என்னிடம் இருப்பது பழைய நிக்கான் டி3300 கேமராவும் 35 எம்.எம். எஃப்/1.8 லென்ஸும்.

முதல் மாதம் உற்சாகமாகப் போயிற்று. இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. காலையில் கிளம்பினால் இரவில்தான் வீடு திரும்புகிறேன். பெரும்பாலான நாட்களில் பதினொன்றரை மணிக்குத்தான் கேமராவைக் கையில் எடுக்க முடிகிறது. மின்விசிறி, தண்ணீர்க் குடம், மகளின் செருப்பு, மறுபடியும் மின்விசிறி என்று போய்க்கொண்டிருக்கிறது. எண்ணிக்கைக்காக எடுக்கப்படும் இந்தப் படங்களுக்கு ஏதேனும் பொருள் உண்டா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? சென்ற வாரம் காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது. முந்தைய நாள் எடுத்ததில் மீந்திருந்த படம் ஒன்றை அந்த நாளுக்கு வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. 18 முதல் 140 எம்.எம். வரை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் இந்த அலுப்புத் தீர்ந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.,
கோவை

அன்புள்ள எஸ்.,

பதினொன்றரை மணிக்கு எடுத்த மின்விசிறிப் படத்தில் எந்த ஏமாற்றும் இல்லை. காய்ச்சல் நாளுக்கு முந்தைய நாளின் படத்தை வைத்தீர்களே, அதில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொகை சரியாகவே இருந்தாலும் தேதியை மாற்றி எழுதிய வவுச்சரை நீங்கள் ஏற்கமாட்டீர்கள். நாளுக்கொரு படம் என்பது முதலில் ஒரு நாட்குறிப்பு. அது நல்ல படங்களின் தொகுப்பாகவும் அமையலாம், அமையாமலும் போகலாம். ஒரு நாளின் படம் சாதாரணமாக இருப்பதால் நாட்குறிப்புக்குக் குறைவேதும் வருவதில்லை. தேதி பொய்யானால் மற்ற நாட்களின் மீதும் ஐயம் விழுகிறது, அதுவும் பிறருக்கு அல்ல, புரட்டிப் பார்க்கும் உங்களுக்கே.

விடுபட்ட நாளை என்ன செய்வது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த முன்னுதாரணம் தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கலைஞர் தெச்சிங் ஷியே. 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவென்றும் பகலென்றும் பாராமல், ஒவ்வொரு மணிக்கும் தன் அறையில் வைத்திருந்த வருகைப்பதிவு இயந்திரத்தில் அட்டையைச் செருகிப் பதிந்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்று 16 எம்.எம். ஃபிலிம் கேமராவில் ஒரே ஒரு ஃப்ரேம் எடுத்துக்கொண்டார். தொடங்கும்போது தலையை மழித்துக்கொண்டார் என்பதால், அந்த ஃப்ரேம்களைச் சேர்த்து ஓட்டும் ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் தலைமுடி தோள்வரை வளர்வதை நாம் பார்க்கிறோம். ஓராண்டுக்கு 8,760 மணி. அவர் தவறவிட்டவை 133. தூங்கிப்போனதால் 94, தாமதமானதால் 29, முன்கூட்டியே பதிந்துவிட்டதால் 10 என்று காரணங்களோடு பட்டியலிட்டு, அந்தப் பட்டியலையும் படைப்போடு சேர்த்தே வைத்தார். பாஸ்டனைச் சேர்ந்த புகைப்படக்காரர் கார்ல் பேடன் 1987 பிப்ரவரி 23 தொடங்கிப் பல பத்தாண்டுகளாகத் தன் முகத்தை நாள்தோறும் ஒரே விதமாக எடுத்துவந்தவர். 1991 அக்டோபர் 15 அன்று மறந்துபோனார், அந்த நாள் வெற்றிடமாகவே இருக்கிறது. நீங்களும் காய்ச்சல் நாளுக்கு வைத்த படத்தை நீக்கிவிட்டு, அந்தத் தேதிக்கு நேராகக் காய்ச்சல் என்று மட்டும் எழுதி வையுங்கள். நண்பர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

இனி மின்விசிறிக்கு வருகிறேன். ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர், நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, 1979 மார்ச் 31 அன்று எடுத்த ஒரு போலராய்டு படத்தில் (எடுத்தவுடனே தாளில் வந்துவிடும் படம்) தொடங்கி, 1997 அக்டோபர் 25 அன்று தன் 41ஆவது பிறந்தநாளில் புற்றுநோயால் இறக்கும்வரை நாளுக்கு ஒரு படமாக எடுத்துவந்தார். எல்லாம் எஸ்எக்ஸ்-70 என்னும் மடக்கு கேமராவில் எடுத்தவை. அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. ஒரு பெட்டியில் பத்துப் படங்களுக்கான தாள் மட்டுமே இருக்கும். அந்தத் தாளும் விலை மலிந்ததல்ல. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட அந்தப் படங்களை அவர் இறந்த பிறகு நண்பர்கள் ஒழுங்குபடுத்தி 2007இல் அதே கல்லூரியில் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி உங்கள் தண்ணீர்க் குடத்தைப் போன்றவைதான். சாப்பிட்ட தட்டு, சோபாவில் சாய்ந்திருக்கும் நண்பர், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, யாரும் நின்று பார்க்காத தெரு. தனியாக எடுத்துக் காட்டினால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும் படங்கள். வரிசையாகப் பார்க்கும்போது, சோபாவில் சாய்ந்திருந்தவர் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வருகிறார், அறை மாறியிருக்கிறது, பிறகு மருத்துவமனைக் கட்டில் வரத் தொடங்குகிறது, கடைசி மாதத்தில் ஒரு திருமணமும் நடக்கிறது. எந்தப் படம் பின்னால் முக்கியமாகப் போகிறது என்பதை எடுத்த அன்று அவரால் அறிந்திருக்க முடியாது. உங்கள் மகளின் செருப்பின் அளவு டிசம்பரில் என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எதை எடுத்தாலும் சரி என்று பொருள்கொள்ள வேண்டாம். லிவிங்ஸ்டன் தனக்கு வைத்துக்கொண்ட விதி உங்களுடையதைவிடக் கடுமையானது. நாளுக்கு ஒரு படம் என்றால் அன்று எடுப்பதே ஒரு படம். காலையில் எடுத்துவிட்டு மாலையில் அதைவிட நல்ல காட்சி கண்ணில் பட்டால், பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். நேஷனல் ஜியோக்ராஃபிக் இதழின் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் ஜிம் பிராண்டன்பர்க், ஒவ்வொரு பணிக்கும் நூற்றுக்கணக்கான ஃபிலிம் சுருள்களைச் செலவழித்துப் பழகிச் சலித்துப்போனவர், 1994இல் அமெரிக்காவின் வடக்கு மின்னசோட்டாவில் உள்ள காட்டில் இதே விதியைத் தனக்குத்தானே விதித்துக்கொண்டார். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள் முதல் டிசம்பரில் பகல் மிகக் குறுகும் நாள் வரை 90 நாட்கள், நாளுக்கு ஒரே ஒருமுறை ஷட்டரை அழுத்துவது, இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. அந்த 90 படங்களும் 1997 நவம்பர் இதழில் வெளிவந்தன.

நாளெல்லாம் எடுத்துக் குவித்து இரவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், ஒரே ஒருமுறை மட்டும் அழுத்துவதும் வெவ்வேறு பயிற்சிகள். முதலாவது தேர்ந்தெடுக்கக் கற்றுத்தரும். இரண்டாவது காத்திருக்கக் கற்றுத்தரும். அலுவலக வேலைக்கு நடுவே ஆண்டு முழுவதும் இரண்டாவதைச் செய்யுங்கள் என்று சொன்னால் அது எளிதில் சொல்லிவிடும் அறிவுரையாகிவிடும். ஒரு வாரம் மட்டும் செய்து பாருங்கள். பதினொன்றரை மணி வரை கேமரா ஏன் பைக்குள்ளேயே கிடக்கிறது என்ற கேள்விக்கு அந்த வாரத்திலேயே விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் நேரமின்மையால் அது அங்கே கிடப்பதில்லை. படம் எடுக்கத் தக்கவை என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம், சூரிய உதயம், கோயில் கோபுரம், முதியவரின் முகம் என்று. அந்தப் பட்டியல் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

பட்டியல் தீர்ந்த இடத்தில்தான் உங்கள் நண்பர் ஜூம் லென்ஸோடு வருகிறார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் அதைக் கேட்காதீர்கள். ஒரே லென்ஸோடு ஓராண்டு இருப்பதால் கிடைப்பது கண்ணுக்கும் காலுக்கும் ஏற்படும் ஒரு பழக்கம். உங்கள் 35 எம்.எம். லென்ஸ் அந்தக் கேமராவில் ஒளியைப் பதியும் சிறிய சென்சாரில், அதைவிடப் பெரிய சென்சார் கொண்ட முழு ஃப்ரேம் கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் காட்டும் அளவையே ஏறத்தாழக் காட்டும். மூன்று மீட்டர் தொலைவில் அதன் சட்டகத்தின், அதாவது படத்துக்குள் அடங்கும் பரப்பின், நீண்ட பக்கம் சுமார் 2 மீட்டர், குறுகிய பக்கம் சுமார் 1.3 மீட்டர். அதாவது, நிற்கும் ஒருவரைத் தலைமுதல் கால்வரை எடுக்க வேண்டுமென்றால் கேமராவை நெட்டையாகத் திருப்பிக்கொண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றால் போதும். கிடையாகவே பிடித்தால் நான்கு மீட்டர் வேண்டும், நம் வீட்டு அறைகள் பலவற்றில் முதுகு சுவரில் இடித்துவிடும். மிக அருகில் போனால் 30 சென்டிமீட்டரில் ஃபோகஸ் ஆகும். அப்போது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு சட்டகத்தை நிரப்பும். இந்த எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாள்தோறும் அதே லென்ஸில் எடுத்தால், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே கால்கள் சரியான இடத்தில் போய் நின்றுவிடும். ஜூம் லென்ஸில் மணிக்கட்டைத் திருப்பினால் சட்டகம் மாறிவிடுவதால் இந்தப் பழக்கம் அவ்வளவு எளிதில் படிவதில்லை.

அது மட்டுமன்று. நீங்கள் படம் எடுப்பது இரவில், வீட்டுக்குள். அந்த 18-140 லென்ஸ் 35 எம்.எம். நிலையில் எஃப்/4ஐவிட அகலமாகத் திறக்காது (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), உங்கள் எஃப்/1.8 உள்ளே விடும் ஒளியில் அது விடுவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். எடையும் 490 கிராம், இப்போதைய லென்ஸோ 200 கிராம். பையில் கனம் கூடினால் கேமரா வீட்டிலேயே தங்கிவிடும் நாட்களும் கூடும். (செல்பேசியிலேயே எடுத்துவிடலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். தாராளமாக எடுக்கலாம், ஆண்டு முழுவதும் அதிலேயே எடுப்பதென்றால்.)

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றும் விசிறி ஒரு நொடிக்கு ஐந்து முறை சுற்றுகிறது. ஷட்டர் 1/50 நொடி திறந்திருக்கும்படி எடுத்தால் இறக்கை வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். நுனி மங்கி, நடுப்பகுதி தெளிந்து தெரியும். 1/15 நொடியில் மூன்று இறக்கைகளும் ஒன்றன் இடத்தை ஒன்று எட்டிப்பிடித்து முழு வட்டமாகிவிடும். அசையாமல் நிற்பதுபோல் வேண்டுமென்றால் 1/1000 நொடி வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதற்கு ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறனை 6400க்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும், படத்தில் புள்ளிகள் மண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. ஷட்டர் அதைவிட வேகமானால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருண்டும் வரும், சில வேளைகளில் குறுக்கே பட்டைகளும் விழும். 1/50 அல்லது 1/100இல் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். ஒரே விசிறியை வாரம் முழுவதும் ஒவ்வொரு ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அந்த வாரத்தை வீண் என்று சொல்லமாட்டேன். வேகம் எதுவென்று நினைக்காமலேயே ஆட்டோவில் விட்டு எடுத்த விசிறிதான் அலுப்பூட்டுகிறது.

பகலிலும் இப்படிப்பட்டவை வாசலிலேயே கிடக்கின்றன. தண்ணீர் தெளித்த கருநிறத் தரையில் வெள்ளைக் கோலம். கேமராவின் ஒளிமானி சட்டகத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கும் இருண்ட தரையை நடுச்சாம்பல் நிறமாக்கிவிட முயல்வதால், கோலப்பொடி வெளுத்து இழைகள் அழிந்துபோகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை மைனஸ் ஒன்றில் வைத்தால் தரை கருமையாகவும் கோலம் இழை இழையாகவும் நிற்கும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வேட்டி கட்டியவரை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக ஏற்ற வேண்டும். காலையில் கிளம்பும்போது வாசலில் இரண்டு நிமிடம் செலவிட முடிந்தால், இரவு பதினொன்றரை மணியின் நெருக்கடி வாரத்தில் சில நாட்களுக்காவது இல்லாமல் போகும். மதிய உணவு இடைவேளையில் அலுவலகத்துக்கு வெளியே வந்தும் எடுக்கலாம். உள்ளே எடுப்பதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள், திரையில் கணக்கு விவரங்கள் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்களை எடுக்கும்போது, 35 எம்.எம். லென்ஸுக்கு அருகில் போயாக வேண்டியிருப்பதால், ஒரு வார்த்தை பேசாமல் எடுக்கவே முடியாது. இந்த லென்ஸின் நல்ல குணங்களில் ஒன்றாக இதையும் எண்ணுகிறேன்.

நண்பர்கள் தரும் விருப்பக் குறிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நானும் அதை விட்டுவிடுகிறேன்.

சில்லறை விஷயங்கள் சில. டி3300இல் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் சட்டகத்தில் 95 சதவீதத்தையே காட்டும் என்பதால் ஓரத்தில் நீங்கள் காணாத ஒன்று படத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். எடுத்தவுடன் திரையில் நான்கு ஓரங்களையும் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் கடிகாரமும் தேதியும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள், ஒவ்வொரு படத்துக்கும் உள்ள நேரத்தை அதுவே எழுதிவைக்கிறது. கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு, ஒரு படியைத் தனி ஹார்டு டிஸ்கில் சேமியுங்கள். மாதக் கடைசியில் அந்த மாதத்தின் படங்களை 4×6 அளவில் அச்சிட்டு வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள். எந்தப் படத்தைப் பார்க்கும்போது அவர்கள் சற்று நிற்கிறார்கள் என்று கவனியுங்கள், பெரும்பாலும் நீங்கள் நினைத்த படமாக அது இருக்காது. ஜூம் லென்ஸ் வாங்குவதானால் அடுத்த ஜனவரியில் வாங்கலாம், அப்போதும் வேண்டியிருந்தால்.

அன்புடன்.