அடுக்குமாடி வீட்டில், பாட்டுக்கேற்பக் காலால் அம்புகளை மிதித்து ஆடும் ரிதம் கேமுக்கு, சீக்கிரம் கெட்டுப்போகாத டான்ஸ் பேட் எது? மெத்தையா, இரும்பா?

திருகு உள்ளதை வாங்குங்கள். மெத்தையோ மரமோ இரும்போ, திறந்து பார்த்து, கெட்ட பாகத்தைக் கழற்றிவிட்டு வேறு போட முடிகிற பேட்தான் உழைக்கும். என் பதில் இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் போய்விடலாம்.

மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கண்டாலே எனக்குக் கை பரபரக்கும். யாராவது டான்ஸ் பேட் பற்றி வாயைத் திறந்தால் போதும், “காசு சேர்த்து இரும்புப் பேட் வாங்கு, மற்றதெல்லாம் குப்பை” என்று ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. இரும்புப் பேட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரும்பு என்பதற்காக அது உழைப்பதில்லை.

கேட்டவர் பினாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருப்பதாகவும், 500 ரிங்கிட்டுக்குள் வேண்டும் என்றும், பழைய பேட் வாங்கலாமா என்றும் மட்டும் எழுதியிருக்கிறார். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். வாடகை வீடு. டைல்ஸ் தரை. சோபாவைச் சுவரோரம் தள்ளினால்தான் இடம். கணினியில் ஸ்டெப்மேனியா என்ற ரிதம் கேம், அல்லது அதிலிருந்து கிளைத்த ஐடிஜிமேனியா. இரண்டும் இலவசம் என்பதால் பேட்டுக்கு மட்டும்தான் செலவு. ஊகம் பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்து வீட்டில் ஆடுகிற எல்லாருடைய கதையும் இதுதான்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஓடாத பொருள் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கொனாமி நிறுவனம் 1998இல் ஜப்பானில் ‘டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன்’ இயந்திரத்தை இறக்கியது. அடுத்த ஆண்டே கொரியாவின் ஆண்டாமிரோ ‘பம்ப் இட் அப்’போடு வந்துவிட்டது. நான் முதலில் கால் வைத்தது பம்ப்பில். காலை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல், தோழிகளோடு, அந்த இயந்திரம் இருந்த கொம்தார் வணிக வளாகத்துக்கு வேறு பஸ் பிடிப்போம். சீருடைக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறோம். நின்று பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களை மேடையில் ஏற்றிவிட்டால் முதல் பாட்டிலேயே தடுமாறி இறங்கிவிடுவார்கள்.

ஒருநாள் பழுதுபார்க்க வந்தவர் அம்புக்குறிப் பலகையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். அடியில் விளிம்போரமாகச் சென்சார்கள். அவற்றில் ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பையிலிருந்து வேறொன்றை எடுத்துச் செருகி, திருகுகளை முடுக்கி, மேலே ஏறி இரண்டு குதி குதித்துப் பார்த்தார். எங்கள் முறை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஊரே வந்து மிதித்தும் அந்த இயந்திரம் தாங்கியதற்கு இரும்பு பாதிக் காரணம் என்றால், அவருடைய ஸ்குரூடிரைவர் மீதிக் காரணம். இந்தப் பாதியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

இப்போது மெத்தைப் பேட். என் மகளின் பிறந்தநாளுக்கு என் தம்பி இணையத்தில் ஒன்று வாங்கி அனுப்பினான். நாங்கள் இருவரும் ஆடோ ஆடென்று ஆடியதில், பள்ளி விடுமுறை முடிவதற்குள் இடது அம்பு செத்துவிட்டது. தம்பியிடம் சொன்னால், “விட்டுத் தள்ளுங்கள் அக்கா, வேறு வாங்கிவிடலாம், மலிவுதானே” என்றான். எனக்கு அப்படித் தூக்கிப்போட மனம் வராது. சமையலறைத் தரையில் விரித்து, ஓரத் தையலைப் பிளேடால் பிரித்தேன்.

உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மேலும் கீழும் இரண்டு பிளாஸ்டிக் தாள். இரண்டிலும் மின்சாரம் கடத்தும் கரிய மையால் கோடு இழுத்திருக்கிறார்கள். நடுவில், அம்புகள் இருக்கும் இடத்தில் மட்டும் துளை போட்ட மெல்லிய ஸ்பாஞ்சு. மிதித்தால் துளை வழியாக இரண்டு தாளும் தொட்டுக்கொள்ளும், அம்பு பதிவாகும். காலை எடுத்தால் ஸ்பாஞ்சு நிமிர்ந்து பிரித்துவிடும். மல்டிமீட்டர் முனைகளை வைத்துக் கோட்டின் வழியே நகர்த்திக்கொண்டு போனேன். பீப் என்று கத்திக்கொண்டே வந்தது, ஓரிடத்தில் நின்றது. விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் தலைமுடி அளவு வெள்ளைக் கீறல். பேட்டை மடித்து அலமாரியில் வைப்போமே, அந்த மடிப்பின் மேல் அப்படியே விழுந்திருந்தது. ஆக, பேட்டைக் கொன்றது எங்கள் கால் இல்லை. மடிக்கச் சொல்லி அட்டைப்பெட்டியில் படம் போட்டிருந்தார்களே, அந்த மடிப்பு.

கீறலின் மேல் செப்பு டேப் ஒட்டி உயிர் கொடுத்தேன். பசையும் மின்சாரம் கடத்துகிற வகை டேப்பாக இருக்க வேண்டும், சாதாரணமானது உதவாது. பிறகு ஒரு பிளைவுட் பலகையை அறுத்து வாங்கி, பேட்டை இழுத்துப் பிடித்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். மெத்தைப் பேட் வாங்குவதென்றே நீங்கள் முடிவு செய்தால் பலகைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். டைல்ஸ் தரையில் பேட் வழுக்கும், வழுக்கினால் சுருங்கும், சுருங்கிய இடத்தில் மை வெடிக்கும். பலகையில் ஒட்டிவிட்டால் வழுக்கவும் செய்யாது, உங்களால் மடிக்கவும் முடியாது. கட்டிலுக்கு அடியில் தட்டையாகத் தள்ளிவிடலாம். தடித்த ஃபோம் வைத்த விலை கூடிய வகை உண்டு; காலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மைக்கோடுதான். கூடுதல் பணம் ஃபோமுக்குத்தான் போகிறது என்று தெரிந்து வாங்குங்கள்.

அந்த மெத்தை அப்படியும் ஒருநாள் போய்ச் சேர்ந்தது. ஸ்பாஞ்சு குதிகால் அளவுக்குக் குழிந்துவிட்டது. மேல் அம்பைத் தொடாமலேயே அது அழுந்திக் கிடந்தது. அதன்பின் செய்ததுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் இருக்கும் மரப் பேட். கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட். மூன்றுக்கு மூன்று கட்டம், கட்டம் ஒன்று 28 சென்டிமீட்டர். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தின் பலகையும் ஏறத்தாழ இந்த அளவுதான், அதனால் கால் பழக்கம் மாறாது. அம்புக்கட்டங்களில் அடிப்பலகையிலும் மிதிபலகையின் அடிப்புறத்திலும் செப்பு டேப். இடையில், கதவு இடுக்கில் காற்று வராமல் ஒட்டுவார்களே, அந்த ஃபோம் பட்டை. மிதிபலகை நான்கு மூலையிலும் திருகில் நிற்கிறது. கம்பிகள், எந்த அம்பு மிதிபட்டது என்று கணினிக்குச் சொல்லும் ஒரு சின்ன யூஎஸ்பி என்கோடர் பலகைக்குப் போகின்றன. விளையாட்டுப் பொத்தான்களுக்கென்று மலிவாக விற்பார்கள். ஃபோம் பட்டை தொய்ந்தால் மாற்றுகிறேன். கடல் காற்றில் செம்பு கறுத்தால் திறந்து, பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கிறேன். திருகுகள் மட்டும் எவர்சில்வர். தீவில் சாதாரணத் திருகு போட்டால் துருப்பிடித்து, கழற்றும்போது தலை வழுக்கிவிடும். மொத்தச் செலவு உங்கள் 500 ரிங்கிட்டில் பாதியைத் தொடவில்லை. “எல்லாராலும் செய்ய முடியுமா” என்று யாராவது வருவார்கள். முடியும் என்று நான் சொல்லவில்லை. பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்துக் கொடுப்பார்கள், மீதி வேலைக்குப் பொறுமை போதும் என்று மட்டும் சொல்கிறேன்.

மெத்தையோ மரமோ, வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இடது வலது இரண்டையும் சேர்த்து மிதித்தால் இரண்டும் பதிவாகுமா? சில மலிவுப் பேட்களும், பழைய பிளேஸ்டேஷன் பேட்டைக் கணினியில் செருக வாங்கும் மாற்றிகள் சிலவும், அம்புகளைத் தனிப் பொத்தான்களாக அனுப்பாமல் ஜாய்ஸ்டிக் திசையாக அனுப்பும். ஜாய்ஸ்டிக் ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாய முடியாதே, அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீங்கள் இரண்டு காலையும் ஊன்றிக் குதிப்பீர்கள், திரையில் தவறு என்று வரும். பேட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மிதித்ததற்கும் அது விளையாட்டில் பதிவாவதற்கும் இடையிலான தாமதத்தைப் பற்றியும் பயமுறுத்துவார்கள். நொடிக்கு 60 படம் ஓடும் திரையில் ஒரு படம் நிற்பது சுமார் 16.7 மில்லி நொடி. சரியான நேரத்தில் மிதித்தீர்களா என்று விளையாட்டு கறாராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் அந்த அளவுக்குக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் விளையாட்டின் அமைப்பிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஒருமுறை சீக்கிரம், ஒருமுறை மெதுவாக என்று அலையும் தாமதத்துக்குத்தான் மருந்து கிடையாது. கம்பியில்லாப் பேட் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த விளையாட்டு என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். பம்ப் ஆடுபவருக்கு நான்கு மூலையும் நடுவும் வேண்டும். நான்கு அம்பு இரும்புப் பேட்கள் பலவற்றில் மூலை வெறும் தகடு, அடியில் சென்சாரே இருக்காது.

இரும்புப் பேட்காரர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு ஆடுகிறீர்கள், ஒரே அம்பில் மழையாகப் பொழியும் பாட்டு ஆடுகிறீர்கள் என்றால் என் மரப் பேட் உங்களுக்குப் போதாது. போலந்தில் செய்கிற எல்-டெக் மாதிரியானவற்றை வாங்குங்கள், குறை சொல்ல மாட்டேன். அதிலும் மிதிபலகை பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா என்று பாருங்கள். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், அக்ரிலிக் வெடிக்கும். பலர் அவற்றைத் திறந்து, அழுத்தத்துக்கு ஏற்ப மின்தடை குறையும் எஃப்எஸ்ஆர் சென்சார்களைப் பொருத்தி, எவ்வளவு அழுத்தினால் பதிவாக வேண்டும் என்பதைக் கணினியிலேயே அமைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கோபால்ட் ஃபிளக்ஸ் என்ற நிறுவனம் கடையை மூடி ஆண்டுகள் பல ஆகியும், அதன் பேட்களை இன்னும் சரிசெய்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்? திறக்க முடிகிறது. ஆனால் அந்த எடைக்குக் கப்பல் கூலியைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி வேறு.

சத்தம்தான் உண்மையில் பெரிய தொல்லை. கீழ்வீட்டு அக்கா ஒருநாள் மேலே வந்து, “ஏம்மா, ராத்திரியில் அலமாரியை நகர்த்துகிறீர்களா?” என்று கேட்டார். பேட்டைக் காட்டினேன். ஏறி ஒரு பாட்டு ஆடிப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தரையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஒரு கனமான பலகை, அதன்மேல் பேட் என்று அடுக்கியபின் அவருக்கும் குறைந்திருக்கிறது. வெறும் மெத்து விரிப்பை மட்டும் போடாதீர்கள், பேட் ஆடும்.

அவர் போனபின் வேறு யாரோ எங்கள் நிர்வாக அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரமே கடிதம் வந்துவிட்டது, முத்திரையோடு. அதே அலுவலகத்துக்கு மின்தூக்கி வேலை செய்யவில்லை என்று நாங்கள் எழுதாத மாதம் இல்லை. பராமரிப்புக் கட்டணம், அதற்குமேல் சேமநிதி, இரண்டும் தவறாமல் கட்டுகிறோம். இரண்டு மின்தூக்கிகளில் ஒன்றின் முன்னால் எப்போதும் மஞ்சள் தடுப்பு. முழங்கால் வலிக்காரக் கிழவிகள் அரிசி மூட்டையோடு மற்றொன்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள். என் பிளைவுட்டையும் நானும் மகளும் படியில்தான் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்டால், “உதிரிப்பாகம் வர வேண்டும்” என்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை குதிக்கும் சத்தம் மட்டும் அவர்களுக்கு உடனே கேட்கிறது. சரி, இது கேட்டவருக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

பழைய பேட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். விற்பவரிடம் மூன்று காணொளி கேளுங்கள்: இடமும் வலமும் சேர்த்து மிதிப்பது, ஒரே அம்பை வேகமாகத் தொடர்ந்து மிதிப்பது, பலகையைக் கழற்றி அடிப்புறத்தைக் காட்டுவது. முதல் இரண்டையும் தயங்காமல் அனுப்புவார்கள். மூன்றாவதற்கு “திறந்ததே இல்லை, புதுசு மாதிரி” என்று பதில் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள், ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மரப் பேட்டின் அளவுகளும் கம்பி இணைப்புப் படமும் வேண்டுபவர்கள் கீழே கேட்டால் போடுகிறேன். வயதான காலத்தில் இது தேவையா என்று கேட்க வருபவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.