ட்ரெய்லர் லைட் மங்கினால் பல்பை விடுங்கள், எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: பழைய டிராவல் ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, எங்கள் பிக்கப் வண்டியில் மாட்டி இழுக்கிறோம். பகலில் இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லரின் ஓர விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுங்குகின்றன. பிரேக் லைட் ஏதோ பேருக்கு எரிகிறது. ராத்திரி ஹெட்லைட் போட்டதும் ஓர விளக்குகள் நன்றாக எரிகின்றன. ஆனால் பின்விளக்கு இல்லை, பிரேக் மிதித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பல்பு எல்லாம் மாற்றியாகிவிட்டது. பட்டறையில் "வயரிங் மொத்தமும் போச்சு, எல்இடி செட்டோடு புதுசாகப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பின்னால் இருக்கும் இரண்டு விளக்குகளுக்கும் பொதுவான எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு, விட்டுப்போயிருக்கிறது. வயரிங் முழுவதும் கெட்டுப்போனால் கோளாறு இவ்வளவு ஒழுங்காக, பகலில் ஒரு மாதிரி ராத்திரியில் ஒரு மாதிரி என்று வராது.

காரணம் இதுதான். உங்கள் வகை ட்ரெய்லரில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். பெரியது பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும், சின்னது பின்விளக்குக்கும். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் விட்டுப்போனால், பெரிய இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழியில்லாமல் சின்ன இழைக்குள் புகுந்து, பின்விளக்கு வயரில் பின்னோக்கி ஓடி, வேறு இடத்தில் நல்ல எர்த் உள்ள ஓர விளக்குகள் வழியாக வெளியேறும். பகலில் ஓர விளக்கு மினுங்குவது அதனால்தான். ஹெட்லைட்டைப் போட்டதும் பின்விளக்கு வயரிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிடுகிறது. இரு முனையிலும் 12 வோல்ட் இருந்தால் கரண்ட் ஓடாது, பல்பும் எரியாது. ஓர விளக்குகளும் சேர்ந்து அணைந்திருந்தால், ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும், முன்னால் உள்ள பிளக்கின் எர்த் வயரைச் சந்தேகப்படச் சொல்லியிருப்பேன்.

இதை உறுதிசெய்ய ஒரு நீள வயரும் இரண்டு கிளிப்பும் போதும். ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த் வயரில் மாட்டுங்கள். பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். மறுமுனையை இழுவை வண்டியின் சேசிஸில், பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அந்த எர்த் வயர் ட்ரெய்லர் சேசிஸில் முடுக்கியிருக்கும் திருகைக் கழற்றிப் பாருங்கள். வயர் முனையில் உள்ள வளையத்துக்கு அடியில் துருவும், செம்பில் பச்சைக் களிம்பும் படிந்திருக்கும். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். அந்த வயரில் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் எங்காவது இருந்தால் அதையும் வெட்டி எறியுங்கள். அது வயரின் இழைகளை அறுக்கும், தண்ணீரையும் உள்ளே விடும்.

இந்த வேலையோடு முன்பக்க பிளக்கையும் பார்த்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். எலக்ட்ரிக் பிரேக் உள்ள ட்ரெய்லரில் ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை இயக்கும் காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. அதுவும் பிளக்கில் உள்ள வெள்ளை எர்த் வயர் வழியாகத்தான் திரும்புகிறது. அங்கே எர்த் பலவீனமாக இருந்தால் விளக்கு மட்டுமல்ல, பிரேக்கும் பலவீனம். பின்னால் குடும்பத்தோடு ஒருவர் வந்துகொண்டிருப்பார். நீங்கள் நிறுத்துவது அவருக்கும் தெரிய வேண்டும், உங்கள் ட்ரெய்லரும் நிற்க வேண்டும்.

எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே பல்பு உள்ள டெஸ்ட் லேம்ப் ஒன்றும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். பிளக்கில் செருகிப் பார்க்கும் எல்இடி டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரைக்கூட "சரி" என்று காட்டிவிடும். மீட்டரில் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மற்றதை வண்டி பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, பிரேக் மிதித்தபடி அளக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பட்டறையிலும் இதையே கேளுங்கள்: "எர்த்தில் எவ்வளவு வோல்ட் விழுகிறது, அளந்தீர்களா?" அளக்காமலே மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அவர்கள் சொல்வது சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. வயரை வளைத்தால் மேலுறை பொடிந்தால், அல்லது முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே உரித்தாலும் செம்பு பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால், மாற்றுவதுதான் நியாயம். அதை உங்கள் கண்முன்னே உரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வயரின் நிறத்தை மட்டும் நம்பி இணைக்காதீர்கள். அமெரிக்க முறையில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக் லைட்டும் மஞ்சள், பச்சையிலேயே வரும். ஐரோப்பிய முறையில் பிரேக் லைட்டுக்குத் தனியே சிவப்பு வயர் உண்டு. பழைய ட்ரெய்லரில் முந்தைய சொந்தக்காரர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கவும் கூடும்.

கேள்வி: ட்ரெய்லர் பல்புகளை எல்இடிக்கு மாற்றியதும் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கிறது. விளக்கு எல்லாம் எரிகிறதே, ஏன்?

பதில்: எல்இடி மிகக் குறைந்த கரண்ட் இழுப்பதால், பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதாக வண்டி நினைக்கிறது. ட்ரெய்லரில் எல்இடி இருக்கிறது என்று சொல்லிவைக்கும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. முதலில் மேனுவலில் தேடுங்கள். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் பழைய வகை என்றால் எல்இடிக்கான ஃபிளாஷரை வாங்கிப் போடலாம். கடையில், பல்பு அளவுக்குக் கரண்ட் இழுத்து வண்டியை ஏமாற்றும் ரெசிஸ்டரைத்தான் முதலில் நீட்டுவார்கள். எனக்கு அது கடைசி வழி. கை வைக்க முடியாத அளவு சூடாகும் என்பதால், வேறு வழியில்லாமல் போட்டால் வயரையோ பிளாஸ்டிக்கையோ தொடாமல் இரும்பில் இறுக்கிப் பொருத்துங்கள்.