கல்விக்கடனை அடைக்க ராணுவத்துக்குப் போகலாமா? கேள்வி பதில்

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ராணுவத்தில் பென்ஷன் வரும் வரை இருந்துவிட்டு, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஒரு வங்கிக்குக் கிளார்க்காக வந்தேன், அங்கே என்னை உட்கார வைத்தது கல்விக்கடன் மேஜையில். அதனால் இந்த இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். கேள்விகளை ஓரளவு சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (தர்மபுரி): சார், பிஇ மெக்கானிக்கல் முடித்து 22 வயசு. கல்விக்கடன் 5 லட்சம். ஓசூரில் ஒரு கம்பெனியில் 14,000 சம்பளம், ரூம் வாடகை சாப்பாடு போக ஒன்றும் மிஞ்சவில்லை. மூணு மாசத்தில் தவணை ஆரம்பிக்குது. அக்னிவீர் போயிடலாமா?

தம்பி, முதலில் உங்கள் பிறந்த தேதியைப் பாருங்கள். நாலு வருடத்துக்கு மட்டும் ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தை (அதில் சேருபவர்தான் அக்னிவீர்) 2022 ஜூனில் அறிவித்தபோது வைத்த வயது பதினேழரை முதல் 21 வரை. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். அறிவிப்பில் 'இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் பிறந்தவர்' என்று ஒரு வரி இருக்கும், அதற்கு ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தாலும் விண்ணப்பம் போகாது. பிஇ முடித்த பையன்கள் பெரும்பாலும் இங்கேயே அடிபட்டுப் போகிறார்கள், இது தெரியாமல் ஆறு மாதம் காலையில் ஓடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பிஇ இருப்பதால் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு அதிகாரி வேலை. குறுகிய கால டெக்னிக்கல் கமிஷன் என்று ஒன்று இருக்கிறது, 20 முதல் 27 வயது வரை. எழுத்துத் தேர்வு கிடையாது, பொறியியல் மதிப்பெண்ணை வைத்து வடிகட்டி எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், ஐந்து நாள், நம் பக்கத்தவர்களுக்குப் பெரும்பாலும் பெங்களூரில். முதல் தடவை போனால் ரயில் கட்டணம்கூடத் திருப்பிக் கொடுப்பார்கள். தேர்வானால் பயிற்சியின்போதே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. சேர்ந்த பிறகு அதே 56,100 அடிப்படைச் சம்பளம், மேலே ராணுவச் சேவைப் படி 15,500, பஞ்சப்படி தனி. பத்து வருடம் வேலை, விரும்பினால் இன்னும் நாலு. ஆனால் எஸ்எஸ்பியில் பெரும்பாலானவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதை நம்பி ஓசூர் வேலையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் தவணை. 5 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்தால் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 6,600 வரும். அதையே பதினைந்து வருடமாக்கினால் 5,400க்குக் கொஞ்சம் கீழே. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே பதினைந்து வருடம் வரை இடம் இருக்கிறது. வேலை கிடைக்காமலோ சம்பளம் குறைவாகவோ இருக்கும் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும், முதலில் குறைவாகக் கட்டி சம்பளம் ஏற ஏறக் கூட்டிக்கொண்டு போகவும் அதில் வழி உண்டு. நீங்களாகக் கேட்காமல் எந்தக் கிளையிலும் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சம்பளச் சீட்டோடு போய் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். முதல் தவணை வருவதற்கு முன்பே போங்கள், மூன்று தவணை தவறியபின் போனால் மேனேஜர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ராணுவத்தில் சேர்ந்தால் கல்விக்கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே?

ஆகாது. அப்படி ஒரு திட்டம் இந்தியாவில் இல்லை.

கேள்வி (விருதுநகர்): அண்ணா, பிஇ இரண்டாம் வருஷம், 19 வயசு, ஏழு அரியர். படிப்பு ஏறவில்லை. இதுவரை இரண்டு லட்சம் கடன் வந்திருக்கிறது. காலேஜை விட்டுட்டு அக்னிவீர் போனால் கடனும் நிற்கும், சம்பளமும் வரும் இல்லையா?

வயது சரி, உடம்பு சரியாக இருந்தால் கிடைக்கவும் கிடைக்கலாம். ஆனால் காலேஜை விட்டதும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டோம் என்று வங்கி சொன்னது நீங்கள் படிக்கிறீர்கள் என்பதால்தான். நின்றுவிட்டால் அந்தச் சலுகையும் நிற்கும். உங்கள் வீட்டு வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத்தில் இருந்தால், பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு அது கிடையாது, மருத்துவக் காரணம் இருந்தால்தான் விதிவிலக்கு. ஆக இத்தனை நாள் அரசு கட்டும் என்று நினைத்த வட்டியும் உங்கள் தலையில்.

சேர்வதும் நினைத்த மாதிரி உடனே நடப்பதில்லை. கணினித் தேர்வு, முடிவு வந்த பிறகு ரேலி என்கிற ஆள்சேர்ப்பு முகாம், அதில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் (ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண்), கம்பியில் பத்து புல்அப்ஸ், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது, மெடிக்கல், பிறகு தகுதிப் பட்டியல். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பயிற்சி மையத்தில் பெட்டியை வைக்கும் நாள் வரை பல மாதம் ஓடிவிடும். அதுவரை காலேஜில் பெயர் இருக்கட்டும். படித்துக்கொண்டே எழுதலாம், யாரும் தடுக்கவில்லை. அழைப்புக் கடிதம் கையில் வந்த பிறகு விடுங்கள். அந்த இடைவெளியில் ஏழு அரியரில் ஒரு நாலு தீர்ந்தால் உங்களுக்கே மனசு மாறலாம், மாறாமலும் போகலாம், அது உங்கள் பாடு.

கேள்வி (தேனி): ஐயா, அக்னிவீராகத் தேர்வாகிவிட்டேன், அடுத்த மாதம் வெலிங்டனில் பயிற்சி. டிப்ளமோ படித்த கடன் இருக்கிறது, வட்டியோடு 5 லட்சம் கிட்ட. நாலு வருஷம் கழித்து சேவா நிதி பதினொரு லட்சம் வரும்தானே, அப்போது மொத்தமாகக் கட்டிவிடுகிறேன், அதுவரை வங்கியைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் என்ன?

முதலில் வாழ்த்து தம்பி. மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குளிர் முதல் வாரம் எலும்புக்குள் இறங்கும், அப்புறம் பழகிவிடும்.

இப்போது கணக்கு. முதல் வருடம் மாதம் 30,000 சம்பளம், அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்துக்கொண்டு கையில் 21,000. இரண்டாம் வருடம் கையில் 23,100, மூன்றில் 25,550, நாலில் 28,000. நாலு வருடத்தில் உங்களிடம் பிடிப்பது 5.02 லட்சம், அரசும் அதே அளவு போடும், வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி கிடையாது. சாப்பாடு, தங்குமிடம், சீருடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதனால் 21,000ல் 6,600 தவணை கட்டுவது கஷ்டமே இல்லை. ஓசூரில் 14,000 வாங்குகிற பையனோடு ஒப்பிட்டால் நீங்கள் ராஜா.

நாலு வருடம் ஒழுங்காகக் கட்டினால் வங்கிக்கு 3.17 லட்சம் போயிருக்கும், பாக்கி 3.57 லட்சம் நிற்கும். கட்டாமலே இருந்தால் அந்த 5 லட்சம் 7.45 லட்சம் ஆகிவிடும், அபராதம் தனி. பணமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் எழுபதாயிரம்தான். என் கவலை அந்த எழுபதாயிரம் இல்லை. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும், சிபில் என்கிற கடன் வரலாற்று அறிக்கையில் உங்கள் பெயரோடு கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கெடும். தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்து அப்பா அதே கிளைக்கு வந்து நிற்கும்போது, கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டியதும் சிவப்பாக வந்து நிற்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன், எந்தச் சிப்பாயும் வேண்டுமென்று செய்ததில்லை. பழைய கணக்கில் தவணை போகும்படி இருக்கும், சம்பளம் புதுக் கணக்கில் விழும், பயிற்சியில் போன் கையில் இருக்காது, பழைய கணக்கில் பணமில்லாமல் மூன்று தவணை திரும்பிவிடும், அவ்வளவுதான் கதை.

அதனால் வண்டி ஏறும் முன் கிளைக்குப் போய், சேரும் தேதியைச் சொல்லி, முதல் மூன்று தவணைக்கான பணத்தைப் பழைய கணக்கில் போட்டு வையுங்கள். சம்பளக் கணக்கு எண் வந்ததும் அங்கிருந்து மாதாமாதம் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சேவா நிதியை நடுவில் எடுக்க முடியாது. சொந்த விருப்பத்தில் பாதியில் வெளியே வந்தால் நீங்கள் கட்டியதும் அதன் வட்டியும்தான், அரசு போட்ட பங்கு வராது.

கேள்வி: அத்தைப் பெண்ணைப் பேசி வைத்திருக்கிறார்கள், நாலு வருஷத்துக்குள் கல்யாணம் பண்ணிக்கலாமா?

கூடாது. அத்தைப் பெண் காத்திருப்பாரா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி (திருவண்ணாமலை, ஒரு அப்பா): கடனில் கையெழுத்துப் போட்டது நான். கடனுக்காகத்தான் பையன் போகிறேன் என்கிறான். ஏதாவது ஆகிவிட்டால் கடன் என்ன ஆகும் என்று கேட்கக்கூட மனசு வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. கடன் வாங்கியவர் இல்லாமல் போனாலும் கடன் தானாக மறையாது, இணைக் கடன்தாரராகிய உங்களிடம் வரும். கடன் கொடுக்கும்போது ஆயுள் காப்பீட்டுக்குப் பணம் பிடித்தார்களா என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள், பிடித்திருந்தால் அந்தக் காப்பீடு அடைத்துவிடும். ராணுவப் பக்கத்தில், அக்னிவீருக்குப் பிரீமியம் கட்டாமலே 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. பணியின் காரணமாக உயிர் போனால் மேலும் 44 லட்சம் கருணைத்தொகை. பணியால் ஊனமானால் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சம். வழக்கமான சிப்பாயின் குடும்பத்துக்கு வருகிற பென்ஷன் இதில் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் கவலையைக் குறைக்கத்தான் அவன் போகிறான் என்றால், தவணையை நீட்டிக்க முடியும் என்பதை இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறது, விடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணா, பிஎஸ்சி நர்சிங் முடித்திருக்கிறேன், கடன் மூன்றரை லட்சம். பெண்களுக்கு ஏதாவது வழி?

தங்கச்சி, உங்களுக்குத்தான் இதில் நல்ல வழி. ராணுவ நர்சிங் சேவையில் பிஎஸ்சி நர்சிங் முடித்தவர்களை நேரடியாக லெப்டினென்டாக எடுக்கிறார்கள், 35 வயது வரை. கணினித் தேர்வு, நேர்முகம், மெடிக்கல். அதிகாரி சம்பளம், முதல் வருடச் சேமிப்பிலேயே மூன்றரை லட்சம் முடிந்துவிடும். நர்சிங் கவுன்சில் பதிவை இப்போதே முடித்து வையுங்கள், பலர் அதில்தான் தாமதமாகிறார்கள்.

கேள்வி: மூன்று லட்சம் கொடுத்தால் ரேலியில் பாஸ் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கடனோடு கடனாக வாங்கிக் கொடுக்கலாமா?

அந்த ஆளுக்கு ஆள்சேர்ப்பு அலுவலக வாசல் தவிர வேறு எதுவும் தெரியாது. விண்ணப்பத்துக்கு 250 ரூபாய் சொச்சம், அதற்குமேல் யார் கேட்டாலும் ஏமாற்று.

கேள்வி (டெக்சாஸ்): இந்திய வங்கியில் வீட்டை அடமானம் வைத்து 40 லட்சம் வாங்கி எம்எஸ் படிக்கிறேன். இங்கே வேலை நிலவரம் மோசம். அமெரிக்க ராணுவம் மாணவர் கடனை அடைத்துத் தருகிறதாமே?

தருகிறது, ஆனால் உங்களுக்கு இல்லை. அவர்கள் அடைப்பது அமெரிக்க அரசின் மாணவர் கடனை, 65,000 டாலர் வரை, அதுவும் சேரும்போது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். இந்திய வங்கிக் கடன் அதில் வராது. அதற்கு முன்னால், மாணவர் விசாவில் இருப்பவர் சேரவே முடியாது, குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விசாவில் இருப்பவர்களை மொழித் திறனுக்காகச் சேர்த்த ஒரு திட்டம் முன்பு இருந்தது, அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, 2016ல் நிறுத்திவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துத்தான் இன்னும் பலர் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நாலு வருஷம் முடித்து வந்தால் உங்களை மாதிரி வங்கியில் முன்னாள் படைவீரர் கோட்டாவில் சேரலாம்தானே?

இல்லை. நாலு வருடத்தில் வெளியே வருபவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, பென்ஷனும் பணிக்கொடையும் இல்லை. நாலில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். சிஆர்பிஎஃப் மாதிரி மத்திய ஆயுத போலீஸ் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 சதவீத இடம் இவர்களுக்கு என்று 2022ல் அறிவித்தார்கள், வயதுத் தளர்வும் உண்டு. முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும், அவர்கள் நாலு வருடம் முடிப்பதே 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும்தான். பொதுப் பிரிவில் வங்கித் தேர்வு எழுதலாம், ஆனால் அங்கே சிபில் பார்ப்பார்கள். தவணையை விடாதே என்று மேலே அத்தனை வரி எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நாட்டுக்குச் சேவை செய்யப் போகிறவனை இப்படி ரூபாய்க் கணக்குப் பார்க்க வைக்கிறீர்களே, நீங்கள் முன்னாள் ராணுவத்தினரா?

ஆமாம், அதனால்தான். கடனுக்கு பயந்து வந்த பையன் யார் என்பது பயிற்சியின் மூன்றாவது வாரத்திலேயே பயிற்சி கொடுக்கிற உஸ்தாதுக்குத் தெரிந்துவிடும். ராத்திரி காவல் நிற்கும்போதும் அவன் மனசு வீட்டு வாசலில் வங்கிக்காரன் நிற்கிறானா என்றே இருக்கும். கடன் இல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று சொல்கிறவன் போகட்டும், கடனும் அடையும். கடன் இல்லாவிட்டால் போக மாட்டேன் என்கிறவனுக்கு, மூன்று நாலு லட்சத்துக்கு வங்கியில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற வழி இருக்கும்போது, 21 வயதில் நாலு வருடம் பெரிய விலை.

கேள்வி (அதே தர்மபுரி தம்பி): சார், பிறந்த தேதி பார்த்தேன், தாண்டிவிட்டது. எஸ்எஸ்பிக்கு முயற்சி பண்ணுகிறேன். ஒருவேளை கிடைத்து, பயிற்சி பிடிக்காமல் வந்துவிட்டால்?

சொந்தக் காரணத்துக்காக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், ஒரு கடனுக்கு இரண்டு கடன் ஆகும். அதனால் ஐந்து நாள் பெங்களூரில் இருக்கும்போதே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தவணை நீட்டிப்புக் கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், எஸ்எஸ்பி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வங்கி எழுத்தில் பதில் தராவிட்டால் 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடலாம், இலவசம்தான்.